அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம்

டீசல் வடிகட்டியை வாங்கி அட்டைப்பெட்டியைப் பிரித்தால், அதன் தலைப்பாகத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி தெரியும். டீசல் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதற்கான குறி. மரையில் திருகி மாட்டும் வகை வடிகட்டிகளில் அம்பு இருக்காது. தட்டையான முகத்தின் ஓரமாக வட்டத்தில் சில சின்ன ஓட்டைகளும் நடுவே மரை வெட்டிய பெரிய ஓட்டையும் இருக்கும். டேங்கிலிருந்து வரும் டீசல் ஓரத்து ஓட்டைகளில் இறங்கி, மடிப்பு மடிப்பாக நிற்கும் காகிதத்தை வெளியிலிருந்து உள்நோக்கி ஊடுருவி, நடு ஓட்டை வழியாகப் பம்புக்குப் போகும். காகிதத்துக்கு வெளியே அழுக்குப் பக்கம், உள்ளே சுத்தப் பக்கம். வீட்டு வாசலில் காரை நிறுத்தி வடிகட்டியை நாமே மாற்றுவதைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்தக் காகிதத்தைச் சுற்றித்தான்.

வேலை என்னவோ சிறியது. இரண்டு குழாய்களைக் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதை வைத்து, குழாய்களைத் திரும்ப மாட்டி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினால் முடிந்தது. ஸ்கூட்டரில் பிளக் மாற்றத் தெரிந்தவருக்கு இதில் கை நடுங்க ஒன்றுமில்லை. ஆனால் டீசல் பட்டறைகளில் ஆயுளைக் கழித்தவர்கள் இந்தச் சின்ன வேலைக்குக் காட்டும் மரியாதையைக் கவனித்திருக்கிறேன். எஞ்சினையே கீழே இறக்கும்போதும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள், வடிகட்டியைத் திறக்கும் நேரத்தில் பேச்சை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொள்வார்கள்.

காரணம் கண்ணுக்குத் தெரியாத அளவுகளில் இருக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். டீசல் பம்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே விட்டிருக்கும் சந்து இரண்டு மூன்று மைக்ரான்தான். அந்தச் சந்தில் தனியாக மசகெண்ணெய் கிடையாது. ஓடுகிற டீசலே மசகு. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் முனையின் ஓட்டைகள் மில்லிமீட்டரில் ஏழெட்டில் ஒரு பங்கு அகலம். நல்ல வடிகட்டிக் காகிதம் ஐந்து மைக்ரான் துகளையே பெரும்பாலும் பிடித்து நிறுத்திவிடும். நம் கண்ணுக்குத் தட்டுப்படுகிற மிகச் சிறிய தூசு அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே துடைத்த துணியைப் பார்த்துச் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று நாம் தீர்ப்புச் சொல்வதைப் பம்ப் ஒப்புக்கொள்ளாது. இந்த வேலையில் திறமை என்றால் சுத்தம். பலம் அல்ல, வேகமும் அல்ல.

இந்த எஞ்சினை முதலில் எண்ணிப் பார்த்தவரின் மனதில் இதற்கு நேரெதிரான படம் இருந்தது. 1858இல் பாரிசில் பிறந்த ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர், கிடைப்பதை எரித்துக்கொண்டு ஓடும் எஞ்சினைத்தான் தேடினார். நிலக்கரித் தூளைக்கூட எரிபொருளாகக் கணக்கில் வைத்திருந்தார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத்து ஆலையில் எஞ்சின் உருப்படியாக ஓடிக் காட்டியது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. பெரிய ஆலைகளின் நீராவி எந்திரத்துக்கு முன் நிற்க முடியாமல் நசிந்துகொண்டிருந்த சிறு கைவினைஞர்களுக்குத் தம் எஞ்சின் கைகொடுக்கும் என்று அவர் மனதார நம்பினார். தொழிலாளர் கூட்டுறவைப் பற்றி 1903இல் ஒரு நூலே எழுதினார். அது விற்கவில்லை. எஞ்சின் கைவினைஞரிடம் போய்ச் சேராமல் கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் போனது. 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து அவர் காணாமல் போனார். சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது.

அந்தக் காலத்து டீசல் எஞ்சின்கள் அழுத்திய காற்றால் எரிபொருளை உள்ளே ஊதின. அதற்கு வேண்டிய கம்ப்ரசரைச் சுமந்துகொண்டு சாலையில் ஓட முடியாது. ராபர்ட் போஷின் நிறுவனம் 1922இல் காற்று இல்லாமலே டீசலைப் பீய்ச்சும் பம்ப் ஆராய்ச்சியைத் தொடங்கி 1927இல் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கிய பிறகுதான் லாரிக்கும் காருக்கும் டீசல் பரவலாக வந்தது. மைக்ரான் கணக்கில் கடைந்தெடுத்த பம்ப் அது. எதையும் எரிக்கும் எஞ்சின் என்ற கனவு அன்றோடு முடிந்தது. மிகச் சுத்தமான எண்ணெயைக் கேட்கும் எஞ்சினாக அது மாறியது. 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் பெங்களூரில் அந்தப் பம்புகளைச் செய்தது. 2008இல் பெயர் போஷ் என்று மாறிய பிறகும் பழைய பட்டறைக்காரர்கள் வாயில் அது மைக்கோ பம்ப்தான்.

நம் வீடுகளுக்கு டீசல் கார் வந்த கதை வேறு. இங்கே 2014 அக்டோபர் வரை டீசல் விலையை அரசு தாங்கிப் பிடித்திருந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை இடைவெளி நடுத்தரக் குடும்பத்தை டீசல் பக்கம் இழுத்தது. ஃபியட் வடிவமைத்த 1248 சிசி எஞ்சின் ஒன்று மாருதி, டாட்டா, ஃபியட், செவர்லே என்று நான்கு பெயர்களில் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. டெல்லியில் பத்து வருடம் ஆன டீசல் காரைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. அதனால் அந்தக் கார்கள் இன்றைக்கும் இங்கே இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரரிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பெனி உத்தரவாதம் எப்போதோ தீர்ந்துபோன வண்டிகள் அவை. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் வரைதான் அவற்றுக்கு ஆயுள்.

இனி வேலைக்கு வருகிறேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டீசல் பெட்ரோலைப் போலப் பற்றாது என்பது உண்மைதான். ஆனால் ஐரோப்பிய டீசலின் பற்றுநிலைக்கு, அதாவது அதன் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பத்துக்கு, குறைந்தபட்ச அளவு 55 டிகிரி என்றால், இந்தியத் தர அளவு 35 டிகிரிதான். நம் சித்திரை வெயில் அதைத் தாண்டிவிடும். ஓடி நின்ற எஞ்சினின் சூடு அதற்கும் பல மடங்கு மேலே. திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாத இடத்தில், காலையில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

பானட்டைத் திறந்ததும் கை நேராக ஸ்பானருக்குப் போகக் கூடாது. முதலில் தூரிகை. வடிகட்டியின் தலையிலும் குழாய்கள் சேரும் இடத்திலும் வருடக்கணக்கில் அப்பியிருக்கும் மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டித் துடைத்து எடுக்க வேண்டும். குழாயைக் கழற்றிய பிறகு துடைத்தால் அந்த மண் எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். முழு வேலையில் பாதி நேரம் இதற்குப் போக வேண்டும் என்பேன். பட்டறைகளில் கையைத் துடைக்கத் தருவது திருப்பூர் பனியன் வேஸ்ட். கைக்கு அது அருமையானது, ஆனால் திறந்த குழாய்க்குப் பக்கத்தில் வரவே கூடாது. அதன் பஞ்சு இழை ஒவ்வொன்றும் நாசில் ஓட்டையை அடைக்கப் போதும். இழை பிரியாத துணி வேண்டும். கீழே ஆல்டர்னேட்டரோ பெல்ட்டோ இருந்தால் பாலித்தீன் தாள் போட்டு மூட வேண்டும். டீசல் பட்ட ரப்பர் ஊறி உப்பும், சில மாதத்தில் வெடிக்கும்.

வடிகட்டியின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். அதைத் தளர்த்திப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். டீசலில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பலர் கேட்பார்கள். பாதி காலியான டேங்கில் மிச்சம் இருப்பது காற்று. மழைக்காலக் காற்று ஈரம் சுமந்தது. இரவில் டேங்க் குளிரும்போது அந்த ஈரம் தகரத்தில் வியர்த்து வழியும். பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்தும் வரலாம். வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் நேராகவே நுழையும். 2015 டிசம்பரில் சென்னை அதைக் கண்கூடாகக் கண்டது. வடிகட்டிக் காகிதம் பிசின் ஏற்றிப் பதப்படுத்தியது. அதன்மேல் பட்ட நுண்துளி நீர், வாழையிலையில் பனித்துளிகள் உருண்டு ஒன்றுசேர்வதுபோலச் சேர்ந்து பெருத்து, டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம்தான், தண்ணீர் 1000. நிறுத்தி வைத்த பாத்திரத்தில் சற்று நேரத்தில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். டீசலும் நீரும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாக ஏதாவது வந்தால் அது கிருமிக் கூட்டம். வடிகட்டியை மட்டும் மாற்றினால் தீராது, டேங்கைக் கழுவ வேண்டும்.

குழாய் கிளிப்புகள் பழசாகியிருந்தால் பொறுமை வேண்டும். பத்து வருட எஞ்சின் சூட்டில் பிளாஸ்டிக் காய்ந்திருக்கும், முரட்டுத்தனமாக அழுத்தினால் உடைந்துவிடும். கழற்றிய குழாயின் வாயை உடனே மூட வேண்டும். பழைய ரப்பர் வளையம் தலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதை எடுக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையமாகிக் கசியும். புதிய வளையத்தில் சுத்தமான டீசலைத் தொட்டுப் பூசி, கையால் இறுக்கினால் போதும்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. புதிய வடிகட்டி காலியாக இருக்கிறது, உள்ளே முழுக்கக் காற்று. அதை எப்படி நிரப்புவது? பழைய வழக்கம், கேனிலிருந்து டீசலை எடுத்து வடிகட்டிக்குள் ஊற்றி நிரப்பி மாட்டுவது. நடுவில் பெரிய ஓட்டை வசதியாக வாயைத் திறந்துகொண்டு நிற்பதால் எல்லோரும் அதில்தான் ஊற்றுவார்கள். கோவையில் பம்பும் நாசிலும் மட்டும் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"நடு ஓட்டைல ஊத்தீராதீங்க தம்பி. அது பில்டருக்கு அந்தாண்டப் பக்கமுங்க. நீங்க ஊத்தறது பில்டர் ஆகாத டீசலு. நேரா பம்புக்குத்தான் போகும்."

அவர் சொன்னதில் முழு விஷயமும் இருக்கிறது. அழுக்கைத் தடுக்க வாங்கிய பொருளை மாட்டும் நேரத்திலேயே, அது தடுக்க வேண்டிய அழுக்கை அதைத் தாண்டிக் கொண்டுபோய் வைக்கிறோம். கேன் சுத்தமாக இருந்ததா, புனல் சுத்தமாக இருந்ததா, நாலு நாள் திறந்து கிடந்ததா, யாருக்கும் தெரியாது. ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஓரத்துச் சின்ன ஓட்டைகளில் மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். அது காகிதத்தைத் தாண்டி நடுவுக்கு வர நேரமாகும். அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும். இன்றைய உயர் அழுத்த எஞ்சின்களுக்கு ஊற்றுவதே வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். வடிகட்டித் தலையில் கை பம்ப் இருந்தால் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி டேங்கிலிருந்தே டீசலை இழுக்கலாம். காற்று தீர்ந்ததும் பம்ப் விரலுக்கு அடியில் இறுகும். கை பம்ப் இல்லாமல் டேங்குக்குள் மின்பம்ப் உள்ள வண்டியில், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் பலமுறை ஆன் செய்து நிறுத்தினால் டீசல் வந்து நிரம்பும். காற்றோடு ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. டீசலே மசகு என்று முன்னால் சொன்னேன். டீசல் வராத பம்ப், உலோகத்தோடு உலோகம் உரசித் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும்.

கிணற்றடியில் டீசல் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்த விவசாயிகளுக்கு இந்தக் காற்று எடுக்கும் வேலை பழக்கமானது. ஏர் பிடித்துக்கொண்டால் திருகைத் தளர்த்தி, நுரை போய் வெறும் டீசல் வரும் வரை பார்த்து இறுக்குவார்கள். பிடிவாதமான எஞ்சின் என்றால் நாசில் குழாயின் நட்டையே தளர்த்திச் சுற்றுவார்கள். அந்தப் பழக்கத்தை, எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் இன்றைய காமன் ரெயில் கார்களுக்குக் கொண்டுவரக் கூடாது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ காரில் இந்த முறை வந்தபோதே அழுத்தம் 1350 பார். இப்போது 2000ஐத் தாண்டிவிட்டது. அந்த அழுத்தத்தில் கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரும். வடிகட்டி வரைக்கும் நம் எல்லை. அதற்கு அப்பால் உள்ள இரும்புக் குழாய்களை வீட்டில் தொட வேண்டாம்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் வேலை முடியவில்லை. பல வண்டிகளில் டேங்குக்கும் பம்புக்கும் இடையே டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அங்கே வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருக்கும், நாமும் திருப்தியாகப் படுக்கப் போவோம். மறுநாள் காலையில் வண்டி கிளம்ப அடம்பிடிக்கும். எனவே அடுத்த நாள் காலையில் முதல் சுற்றிலேயே எஞ்சின் கிளம்பினால்தான் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வடித்த டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடியுள்ள கேனில் சேர்த்துப் பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

பழைய வடிகட்டியைத் தூக்கி எறிவதற்கு முன்னால் அறுத்துப் பாருங்கள். தீப்பொறி பறக்கும் எந்திரம் வேண்டாம், கைரம்பம் போதும். காகிதத்தை விரித்தால் அத்தனை ஆயிரம் கிலோமீட்டரும் அதில் எழுதியிருக்கும். கறுப்பு என்றால் வழக்கமான கசடு. செம்பழுப்பு என்றால் எங்கோ துரு. வெயிலில் பிடித்தால் மின்னும் பொடி இருந்தால் கவலைப்பட வேண்டும். பம்பில் தேய்ந்த உலோகம், திரும்பும் குழாய் வழியாக டேங்குக்குப் போய், அங்கிருந்து மறுபடி வந்து காகிதத்தில் மாட்டியிருக்கிறது. வடிகட்டியை மாற்றும் நேரத்தில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இந்தப் படிப்புத்தான் என்று நினைக்கிறேன். சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தால் ரசீதில் ஒரு வரி கிடைக்கும். காகிதத்தைப் பார்க்கக் கிடைக்காது.

அந்தக் காகிதத்தால் பிடிக்க முடியாத கலப்படமும் உண்டு. தூசியைப் பிடிக்கும், நீரைப் பிரிக்கும், மண்ணெண்ணெயைப் பிரிக்காது. டீசலோடு கரைந்து ஒன்றாகி மடிப்புகளைத் தாண்டிப் போய்விடும். மண்ணெண்ணெயில் மசகு குறைவு. பம்புக்குத் தேய்மானம் அங்கே தொடங்கும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றியதே அது வேறு எங்கும் போய்க் கலக்கக் கூடாது என்பதற்காகத்தான். நிறம் மட்டும் போதவில்லை. 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்படம் செய்த பங்குக்குச் சீல் வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 27. 2011 ஜனவரி 25 அன்று, மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே எண்ணெய்த் திருட்டைத் தடுக்கப் போன கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரித்தார்கள். எந்த இயந்திரத்தாலும் தடுக்க முடியாத அழுக்குக்குக் குறுக்கே இந்த இருவரும் நின்றார்கள். பங்கில் டீசல் போடும்போது அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லிக் கேட்க ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு. ஹைட்ரோமீட்டரும் ஜாடியும் அங்கே வைத்திருக்க வேண்டும். கேட்பவர்கள் மிகக் குறைவு.

இத்தனையையும் சொன்னதற்குக் காரணம், எல்லோரும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் அல்ல. நல்ல பட்டறைக்காரர் இதை என்னைவிட நூறு மடங்கு நன்றாகச் செய்வார். ஆனால் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. துடைக்கப் பாதி நேரம், காகிதம் ஊறக் காத்திருக்கும் நேரம், மறுநாள் காலை வரை பொறுக்கும் நேரம், இவற்றுக்கு யாரும் கூலி தருவதில்லை. மாற்றினால் கூலி, துடைத்தால் இல்லை. வாசலில் நிற்கும் அடுத்த வண்டியும் கைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கும் சொந்தக்காரரும் சேர்ந்து அந்த மனிதரைத் தூரிகையைத் தாண்டி நேராக ஸ்பானருக்குத் துரத்துகிறார்கள். வீட்டு வாசலில் செய்பவனுக்குத் திறமை குறைவு, கருவி குறைவு. இருக்கிற ஒரே வசதி நேரம். டீசல் வடிகட்டி கேட்பதும் அதைத்தான்.

பெரிய நிறுவனங்கள் இந்தச் சின்னப் பட்டறைகளை நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், அசல் உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்பதைச் சொல்ல ஒரு நாட்டுக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

ஆனால் நம் ஊரில் தடை சட்டத்தில் மட்டும் இல்லை. எழுதும் கை வேறு, எண்ணெய் படும் கை வேறு என்று பிரித்து வைத்தது சாதி. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்தது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதினார். பத்து வயதில் பட்டறைக்கு வந்து மண்ணெண்ணெயில் பாகம் கழுவிக் கழுவித் தொழில் படித்தவர்கள் இன்றைய மூத்த மெக்கானிக்குகள். அவர்களுக்குத் தெரிந்த அளவு பொறியியல் படித்த பலருக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் படித்தவர்களுக்குக் கூச்சம். பிரித்துப் போட்டுப் படித்தவர்களுக்கு இந்த மண்ணில் முன்னோடி இல்லாமல் இல்லை. கோவைக்குப் பக்கத்துக் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். ஓட்டிப் பெருமைப்படுவதற்கு முன் அக்கக்காகக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டபோது ஓட்டுநர் இருக்கையில் அவரே உட்கார்ந்தார். அவர் பெயரைக் கல்லூரி விழாக்களில் சொல்லிக்கொண்டே, தன் கார் பானட்டின் கொக்கி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

டீசல் கார்கள் இன்னும் எவ்வளவு காலம் ஓடும் என்ற கேள்விக்கு விடை எப்படி இருந்தாலும், இன்றைக்கு ஓடுபவற்றின் வடிகட்டிகளை யாராவது மாற்றியாக வேண்டும். நீங்களே மாற்றினால் கையேட்டில் உங்கள் வண்டிக்குச் சொல்லியிருக்கும் கிலோமீட்டர் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். மாற்றிய தேதியையும் மீட்டர் கணக்கையும் வடிகட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். பட்டறையில் மாற்றக் கொடுத்தால் பக்கத்தில் இருந்து பாருங்கள், பழையதைக் கேட்டு வாங்கி அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். துடைத்துவிட்டுத் திறக்கும்படி பட்டறைக்காரரிடம் கேளுங்கள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்று சொல்லி, அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.